செம்மோர் தாண்டினால் ஏறும் முள்

சுங்கை சிப்புட்
5.5.2024

தம்பி யுகேந்திரனுக்கு,

அக்கா கலாதேவி எழுதுகிறேன். கிழித்துப் போடாமல் படி. என் மகள் ஷர்மினி கல்யாணத்தன்று முனியாண்டி கோயில் வாசலில் சூடம் ஏற்றி, "இனிமே உங்கூட வாயாலயும் பேச மாட்டேன், போன்லயும் பேச மாட்டேன்" என்று நீ சத்தியம் செய்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். இரண்டு வருடமாக யோசித்துப் பார்த்துவிட்டேன். கடிதம் என்று நீ சொல்லவில்லை. அதனால் சாமிக் குத்தம் வராது. உன் மனைவி புனிதாவிடம் சொல்லி அனுப்பலாம் என்று பார்த்தேன். "தண்ணி கொதிக்குதுன்னு சொன்னா எப்பக் கொதிக்குது, எப்படிக் கொதிக்குதுன்னு அவரு நூறு கேள்வி கேப்பாரு. நடுவுல நான் என்ன தபால்காரியா?" என்று அவள் நழுவிவிட்டாள்.

விஷயம் வேன். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் உன் மச்சானை ஈப்போவுக்கு டயாலிசிஸ் மெஷினுக்குக் கொண்டுபோவது அதுதான். இங்கே பக்கத்தில் இடம் கேட்டு எழுதி வைத்திருக்கிறோம், இன்னும் கூப்பிடவில்லை. எங்களோடு சக்கீனா அக்காவும் வருகிறார், அவருக்கும் அதே வியாதிதான். ஒரு மாதமாக வேன் சூடாகிறது. வீட்டிலிருந்து கிளம்பும்போது ஒன்றுமில்லை. பாதி வழியில் செம்மோர் ஊரைத் தாண்டியதும் சூடு காட்டும் முள் ஏற ஆரம்பிக்கிறது. ஏர்கோன் போட்டால் இன்னும் வேகமாக ஏறுகிறது. டிராபிக் லைட்டில் நின்றால் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிடுகிறது. ஓரங்கட்டிவிட்டு, நோயாளி இரண்டு பேரையும் வெயிலில் வைத்துக்கொண்டு நான் வேனுக்கு விசிறுகிறேன்.

இங்குள்ள ஒர்க்‌ஷாப்பில் தெர்மோஸ்டாட் மாற்றினார்கள். பிறகு ரேடியேட்டர் மூடி, பிறகு வாட்டர் பம்ப். ஒவ்வொரு தடவையும் "ஓகே லா, இனி ஓடும்" என்பார்கள். செம்மோர் வரைக்கும் ஓடும். இப்போது எஞ்சின் தலையையே திறக்க வேண்டும் என்கிறார்கள். போன வாரம் அவசரத்தில் ரேடியேட்டர் மூடியைத் துணி வைத்துத் திறந்தேன். முழங்கை வரை கொப்புளம்.

நேற்று பாதி வழியில் நின்றேவிட்டது. மெஷினுக்குப் போகவில்லை. ராத்திரியெல்லாம் மச்சானுக்கு மூச்சு வாங்கியது, கால் வீங்கிக் கிடக்கிறது. நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், உருட்டிக்கொண்டாவது போய்விடுவேன். ஆனால் இன்று காலையில் அவர் சொன்னது என்னை ஒரு வாய் சோறு தின்ன விடவில்லை. "விடு கலா. வண்டி நின்னா நானும் நின்னுக்கிறேன்லா. ஊராரு வண்டியில ஏறி, நாலு பேத்துக்குத் தொந்தரவு குடுத்துக்கிட்டுப் போவ மாட்டேன்." விளையாட்டுப் பேச்சு என்று நீ நினைக்கலாம். முகத்தைப் பார்த்தால் நினைக்க மாட்டாய்.

இதை உஸ்மான் கொண்டுவந்து தருவார். சக்கீனா அக்காவின் மகன். பத்து காஜாவில் உன் ஒர்க்‌ஷாப் பக்கம் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர். மெஷின் நாளெல்லாம் அம்மாவைப் பார்க்க ஈப்போவுக்கு வருகிறார். பதிலை அவரிடமே கொடு. திட்டுவதென்றால் திட்டியே எழுது. எழுதினால் போதும்.

அக்கா


பத்து காஜா
6.5.2024

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இது பேச்சு இல்லை, எழுத்து. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சூடான எஞ்சினின் ரேடியேட்டர் மூடியை யாராவது திறப்பார்களா? உள்ளே தண்ணீர் அழுத்தத்தில் நிற்கிறது. முகத்தில் அடித்திருந்தால் கண் போயிருக்கும். இனி மூடியைத் தொட்டால் சில்லென்று இருக்கும்போது மட்டும் திற.

எஞ்சின் தலையைத் திறக்கச் சம்மதிக்காதே. தலைவலி என்று போனவனின் மண்டையைப் பிளக்கிற வேலை அது. தேவையா இல்லையா என்று முதலில் பார்ப்போம். காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகி அதன் அடிப்பக்கத்தைப் பார். கறுப்பாக இருக்கிறதா, ஆற்றிய தே தாரிக் டீ மாதிரி வெளுத்து நுரைத்திருக்கிறதா? பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்தபடியே ஸ்டார்ட் செய்து உள்ளே பார். தண்ணீரில் விடாமல் குமிழி வருகிறதா? வேன் கொதிக்காத நாளிலும் தண்ணீர் குறைகிறதா? எண்ணெய் கறுப்பு, மற்ற இரண்டுக்கும் இல்லை என்றால் தலைக்கு ஒன்றுமில்லை.

அதுவரை ஏர்கோன் போடாதே. மெதுவாகப் போ. முள் பாதியைத் தாண்டியதுமே நிறுத்து, சிவப்பு வரைக்கும் வேடிக்கை பார்க்காதே. வெறும் பைப் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்காதே, கூலண்ட் ஊற்று.

மச்சானைக் கேட்டதாகச் சொல். வண்டி நிற்காது என்றும் சொல்.

மாலையை வேறு ஆள் போட்டதை நான் மறக்கவில்லை. அது வேறு விஷயம்.

யுகேந்திரன்


ஈப்போ
7.5.2024

தம்பிக்கு,

மச்சானை உள்ளே மெஷினில் படுக்க வைத்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்று ராத்திரியே உஸ்மான் உன் கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். காலையில் பார்த்தேன், எண்ணெய் கறுப்பு. குமிழி இல்லை. கொதிக்காத நாளில் தண்ணீர் குறையவில்லை. தலை தப்பியது. உனக்கு ரொம்ப நன்றி யுகேன். இந்த வாரமே தலையைத் திறக்க வண்டியை விடச் சொல்லியிருந்தார்கள். விட்டிருந்தால் அது திரும்பி வரும்வரை இவரை எதில் கொண்டுபோவேன்? நீ எழுதிய "வண்டி நிற்காது" என்ற வரியை இவருக்குப் படித்துக் காட்டினேன். "அவன் சொன்னா சரிதான்" என்று எழுந்து சட்டை மாட்டிக்கொண்டார்.

ஏர்கோன் இல்லாமல் வந்தோம். சக்கீனா அக்கா தலைத்துணியால் விசிறிக்கொண்டே, "செம்மோரு வரைக்கும் சொர்க்கம், அதுக்கு அங்கிட்டு நரகம். ஒரே டிக்கெட்டுல ரெண்டையும் காட்டுறா இந்தப் பொம்பள" என்றார். இவரும் சிரித்தார். மெஷின் நாள் காலையில் ஒரு முழம் பூவை வேன் முன்னால் மாட்டிக் கும்பிட்டுவிட்டுத்தான் ஏறுவார். இன்றைக்குக் கொஞ்சம் அதிக நேரம் கும்பிட்டார்.

மாலை விஷயத்தை நீ எடுத்தாய், அதனால் சொல்கிறேன். தாய்மாமன் மாலை போடாமல் பெண்ணை மணவறைக்கு அழைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? உன்னைக் காணோம். போன் எடுக்கவில்லை. ஐயர் கடிகாரத்தைக் காட்டுகிறார், முகூர்த்தம் போகிறது. "பவித்ரன், நீ போடுடா" என்று இவருடைய சித்தப்பா மகனைக் கூப்பிட்டது நான்தான். மாலை கழுத்தில் விழவும் நீ வாசலில் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. உன் கோபமும் நியாயம், நான் செய்ததும் நியாயம். இரண்டு பக்கமும் தப்பு இருந்தால் சமாதானம் பேசலாம். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தால் எங்கே பேசுவது?

ஆனால் ஒன்று மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் இவருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது என்று ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தபோது புனிதா வந்தாள். நீ வரவில்லை.

அக்கா


பத்து காஜா
8.5.2024

அக்காவுக்கு,

தலை நன்றாக இருக்கிறது. தெர்மோஸ்டாட் புதுசு, பம்ப் புதுசு. தண்ணீர் ஓடுகிறது என்றால் அது ஆறத்தான் இல்லை. ரேடியேட்டர் தண்ணீரைத் தானாக ஆற்றுவதில்லை அக்கா, அதன் வழியாகப் போகும் காற்றுதான் ஆற்றுகிறது. ஏர்கோன் போட்டால் வேகமாக ஏறுகிறது, நின்றால் இன்னும் ஏறுகிறது என்று நீ எழுதியதை நேற்று மறுபடி படித்தேன். எனக்குக் காற்றின் மேல்தான் சந்தேகம்.

ஒரு சோதனை செய். பேப்பரில் ஒரு தாளைக் கிழித்துக்கொள். முள் பாதிக்கு வந்ததும் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல், காற்றாடி சுற்றும்போது தாளை வேனின் முகத்துக்கு முன்னால் பிடித்து விடு. உள்ளே இழுத்து ஒட்டிக்கொண்டால் காற்று நன்றாகப் போகிறது. எதிர்ப்பக்கம் தள்ளினால் காற்றாடியின் ஒயரை மாற்றி மாட்டிவிட்டார்கள், திருப்பிச் சுற்றுகிறது. இரண்டும் இல்லாமல் கீழே விழுந்தால் உள்ளே ஏதோ அடைத்திருக்கிறது. அப்படியானால் எஞ்சினை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார். முன்னால் இருப்பது ஏர்கோனுடைய தட்டு. அதற்குப் பின்னால் ரேடியேட்டர். இரண்டுக்கும் நடுவில் விரல் நுழையும் சந்து இருக்கும். அங்கே பார்.

முன்பெல்லாம் வருடா வருடம் அந்தச் சந்தை நான் சுத்தம் செய்வேன். இரண்டு வருடமாக யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்கு வரவில்லை என்று எழுதினாய். வந்தேன். கீழே கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்திருந்தேன். புனிதா மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். ஐந்து நாளும் வந்தேன். இதற்கு மேல் கேட்காதே.

யுகேந்திரன்


ஈப்போ
9.5.2024

தம்பிக்கு,

நேற்று ராத்திரியும் உஸ்மான் வீட்டுக்கே கொண்டுவந்தார், நீ எழுதிய கடைசி வரிகளை அவர் முன்னாலேயே படித்துவிட்டேன். அவர் பயந்துபோய், "அக்கா, வண்டிக்கு ரொம்ப மோசமா?" என்று கேட்கிறார். வண்டிக்கு இல்லை உஸ்மான், எனக்குத்தான் என்றேன். கீழேதான் இருந்தாயா? மாடியில் நான் ஒருத்தியாக நின்று அழுதுகொண்டிருந்தபோது கீழே நீ இருந்தாயா? போடா. உன்னைத் திட்டவும் முடியவில்லை.

சரி, வேனைச் சொல்கிறேன். செம்மோரில் நிறுத்தினேன். இவரைச் சாப்பாட்டுக்கடையில் உட்கார வைத்துவிட்டு, சக்கீனா அக்காவும் நானும் தாளோடு போனோம். தாள் ஒட்டவில்லை. தள்ளவும் இல்லை. நழுவி என் காலடியில் விழுந்தது. மூன்று தடவை பிடித்தேன், மூன்று தடவையும் அப்படியே. உள்ளே காற்றாடி மட்டும் பேய்க் கூச்சல் போடுகிறது.

எஞ்சினை அணைத்துவிட்டு டார்ச் அடித்தேன். முன்தட்டின் கண்கள் வழியாகப் பார்த்தால் அந்தப் பக்கம் வெளிச்சமே தெரியவில்லை. கடையில் கறி கோத்துச் சுடும் சாத்தே குச்சி ஒன்று வாங்கிச் சந்துக்குள் விட்டுக் கிளறினேன். பழுப்பாகப் பஞ்சு மாதிரி ஏதோ வந்தது. விரலால் பிய்த்தேன், நூல் வந்தது. நூலில் முடிச்சு. முடிச்சில் காய்ந்த பூக்காம்பு.

யுகேன், அது இவர் வைத்த பூ. சாமிக்குப் போட்டதைக் குப்பையில் போடக்கூடாது என்று வாடிய பூவை எடுக்கவே விடமாட்டார். காற்றோடு போகட்டும் என்பார். போகிறது என்றுதான் நாங்களும் நினைத்தோம். அது மேல்பக்க இடுக்கு வழியாக உள்ளே போயிருக்கிறது. பூவுக்கு மேல் தெளித்த மஞ்சள் தண்ணீர், ரோட்டுப் புழுதி, லாலாங் புல்லின் பஞ்சு எல்லாம் சேர்ந்து மெத்தையாகப் படிந்துவிட்டது. பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள். இது கருகல் வாடை அடிக்கிறது.

இவரிடம் எப்படிச் சொல்வேன்? வண்டி நிற்கக் கூடாது என்று வைத்த பூ வண்டியை நிறுத்திவிட்டது என்று சொன்னால் மனிதர் உடைந்துபோவார். ஏற்கெனவே "நானும் நின்னுக்கிறேன்" என்கிறவர். நீயும் சொல்லாதே, சத்தியமாகச் சொல்லாதே. வேறு சத்தியத்தை எல்லாம் ஒழுங்காகக் காப்பாற்றுகிறாய் அல்லவா, இதையும் காப்பாற்று. இவருக்குத் தெரியாமல் நாளைக்கே கார் கழுவும் கடையில் விட்டு முன்பக்கம் நன்றாகத் தண்ணீர் அடித்துவிடட்டுமா?

அக்கா


பத்து காஜா
10.5.2024

அக்காவுக்கு,

அடிக்காதே. கார் கழுவும் கடைப் பக்கமே போகாதே. முன்னாலிருந்து வேகமாகத் தண்ணீர் அடித்தால் அந்த மெத்தை ரேடியேட்டருக்குள் இன்னும் இறுகிப் போகும். மெல்லிய தகடெல்லாம் மடங்கி, இருக்கிற வழியும் அடைபடும். ரேடியேட்டரைக் கழற்ற வேண்டும். கழற்றி, எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கம் பார்த்து, செடிக்கு ஊற்றுவது போல மெதுவாகத் தண்ணீர் விட வேண்டும். வந்த வழியாகவே வெளியே போகும்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பேச மாட்டேன். புனிதாவும் வருகிறாள், பேச்சு அவள் பொறுப்பு. மச்சானிடம் எலிக் கூடு என்று சொல்லிக்கொள்ளலாம்.

சனிக்கிழமை ஓட்டத்துக்கு விடியற்காலையிலேயே கிளம்பு, வெயில் ஏறுமுன் போய்விடலாம். எனக்குச் சமைக்கிறேன் என்று பெரிதாக எதுவும் செய்யாதே.

யுகேந்திரன்


சுங்கை சிப்புட்
13.5.2024

தம்பிக்கு,

நேற்று நடந்ததை உனக்கே எழுதுவது வேடிக்கைதான். ஆனாலும் எழுதினால்தான் எனக்கு ஆறும்.

வந்ததிலிருந்து நீ செய்த கூத்து இருக்கிறதே! இரண்டடி தூரத்தில் நான் நிற்கிறேன், நீ புனிதாவைப் பார்த்து, "அக்காவ லைட்டக் கிட்டப் புடிக்கச் சொல்லு" என்கிறாய். அவள் என்னைப் பார்த்து, "அக்கா, லைட்டக் கிட்டப் புடிப்பீங்களாம்" என்கிறாள். "புடிச்சாச்சுன்னு சொல்லு" என்று நான் சொல்ல, "புடிச்சாச்சாம்" என்று அவள் உன்னிடம் சொல்கிறாள். சக்கீனா அக்கா பார்த்திருந்தால் சிரித்தே செத்திருப்பார்.

எஞ்சினைச் சூடாக்கிப் பார்த்துவிட்டு அணைத்தாய். காற்றாடி நின்றிருந்தது. பின்பக்கம் ஒரு நூல் தொங்கியது, இழுத்துவிடலாம் என்று கையை விட்டேன். எஞ்சின் அணைந்திருந்தாலும் சூடு இருந்தால் அது தானாகச் சுற்றும் என்று எனக்கு எங்கே தெரியும்?

"அக்கா! கைய எடு!"

நீ போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய்கூட எழுந்து நின்றது. கையை எடுத்த அடுத்த நொடி அது சுற்ற ஆரம்பித்தது. தானாடாவிட்டாலும் தசையாடும் என்று சும்மாவா சொன்னார்கள்? இரண்டு வருடம் கழித்து நீ என்னை அக்கா என்று கூப்பிட்டாய், என் விரல் ஐந்தும் இருக்கிறது. எதற்கு முதலில் நன்றி சொல்வது என்று தெரியாமல் நான் உள்ளே போய் அரிசி களைந்தேன். நீயும் முகம் வெளுத்துப்போய் மறுபடி வாயை மூடிக்கொண்டாய்.

ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவியதில் ஒரு பேசின் பாத்திரம் நிறையக் குப்பை வந்தது. "எலிக் கூடு மச்சான்" என்று இவரிடம் நீ சொன்னாய். இவர் குனிந்து பேசினைப் பார்த்தார். அப்போதிருந்தே பேச்சு குறைந்துவிட்டது. கழுவும்போது ரேடியேட்டரின் மூலையில் புதிதாக ஒரு கசிவு தெரிந்ததும் நல்லதுதான், ரோட்டில் வந்து தெரிந்திருந்தால் என்ன ஆவது? பற்றவைக்கும் கடையில் புதன்கிழமை தருவதாகச் சொல்கிறார்கள்.

அதனால் நாளைக்கு வேன் இல்லை. நீ பிக்கப் வண்டியோடு வருவாய் என்று புனிதா போன் செய்தாள். இவரோ வரமாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். "வர்றது என் தம்பி, உங்க மாப்ளதானே, ஊராரா?" என்று கேட்டேன். தம்பி, எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு நாள் போகாவிட்டால் என்ன ஆகும் என்று போன வாரம்தான் பார்த்தேன்.

இந்தக் கடிதத்தை இவர் சட்டைப்பையில் வைக்கிறேன். வண்டியில் ஏறினால் உனக்குக் கிடைக்கும்.

அக்கா


சுங்கை சிப்புட்
15.5.2024

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது.

நேற்றுக் காலையில் நீ அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை, அதனால் உனக்குத் தெரியாது. நான் பிக்கப்பின் கதவைத் திறந்து வைத்துவிட்டு நின்றேன். மச்சான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். பின்சீட்டிலிருந்து சக்கீனா அக்காதான், "பத்துமலை அண்ணே, நீங்க ஏறலன்னா நானும் எறங்கிருவேன். எம் மகன் வந்து கேட்டா நீங்களே பதில் சொல்லிக்கங்க" என்றார். அதற்கு அப்புறம்தான் ஏறினார்.

கொஞ்ச தூரம் போனதும் கேட்டார். "மாப்ள, எலி பூ கட்டுமா?"

நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

"நூலுல முடிச்சுப் போட்டு, வரிசையா மல்லிகைப்பூ கட்டுற எலிய நான் பாத்ததில்ல. பத்து காஜாவுல இருக்கோ?"

சக்கீனா அக்கா சிரிப்பை அடக்கப் போய் இருமிவிட்டார். நீ சொல்லக் கூடாது என்று எழுதியிருந்தாய். அவருக்கு ஏற்கெனவே தெரியும் அக்கா. பேசினைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அதனால், "ஒங்க பூதான் மச்சான்" என்று சொல்லிவிட்டேன். செம்மோர் தாண்டியபோது அவர் என் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்: "கலா வண்டி ஓட்டுறா. நர்சு ஊசி குத்துது. மெஷினு ரத்தத்தச் சுத்தம் பண்ணுது. நான் சும்மா படுத்துக் கெடக்கேன். அந்தப் பூ ஒன்னுதான் மாப்ள நான் செஞ்ச வேலை. அதுவும் வண்டியக் கெடுத்துருச்சு. அப்பறம் நான் எதுக்கு?"

ஈப்போ வந்ததும் அவரோடு இறங்கினேன். உள்ளே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த மெஷினை முதல் தடவையாகப் பார்க்கிறேன். கையிலிருந்து ரத்தம் குழாயில் போவதும் திரும்பி வருவதும் தெரிகிறது. நீ வாரத்துக்கு மூன்று நாள் இதைப் பார்த்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எனக்கு நகைச்சுவையாக எழுதியிருக்கிறாய்.

எனக்குத் தெரிந்தது எஞ்சின் மட்டும்தான். அதனால் அதைச் சொன்னேன். "மச்சான், பழைய வேனுக்குத் தெனம் தண்ணி பாக்க ஒரு ஆளு வேணும். காலையில, எஞ்சின் ஆறியிருக்கும்போது. டார்ச் அடிச்சு அந்தச் சந்தப் பாக்கணும், கீழ சொட்டியிருக்கான்னு பாக்கணும். அக்காகிட்டக் குடுத்தா கையச் சுட்டுக்குவா." அவர் முதலில் என்னைப் பார்த்தார். பிறகு, "அவ கைய எங்க வேணாலும் விடுவா" என்றார். நர்சு திரும்பிப் பார்க்கும் அளவுக்கு இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும், "எத்தன மணிக்குப் பாக்கணும், எது வரைக்கும் தண்ணி இருக்கணும், எல்லாம் சரியாச் சொல்லு" என்று கேட்டுக்கொண்டார். பூவை இனி கண்ணாடிக்கு உள்பக்கம் வைத்துக்கொள்ளச் சொன்னேன். சாமி அங்கிருந்தும் ரோட்டைப் பார்க்கும் என்று அவரே சொன்னார்.

இன்று ரேடியேட்டரை மாட்டிவிட்டேன். மேல் இடுக்கில் புது ஸ்பாஞ்ச் ஒட்டி அடைத்திருக்கிறேன். தாளைப் பிடித்துப் பார்த்தேன், பச்சக்கென்று ஒட்டியது. நீ கடைக்குப் போயிருந்தாய். இந்தக் கடிதத்தை ஓட்டுநர் சீட்டில் வைத்துவிட்டுப் போகிறேன்.

சத்தியம் உடைந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போதே கோயிலில் நிறுத்தி, கையா சத்தியமா என்று வந்தால் நான் என்ன செய்வேன் என்று கேட்டுவிட்டு வந்தேன். ஆபத்துக்குப் பாவமில்லை. ஆனாலும் உன் முன்னால் நின்றால் இன்னும் வாய் வரவில்லை. எழுத வருகிறது. நீ அந்த முதல் கடிதத்தை எழுதியதற்கு நான்தான் நன்றி சொல்ல வேண்டும். எழுதாமல் இருந்திருந்தால் நான் இன்னும் பத்து வருடம் கார் நிறுத்துமிடத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

இன்னொன்று. இனி சனிக்கிழமை ஓட்டம் என்னுடையது. ஒர்க்‌ஷாப்பில் சொல்லிவிட்டேன். மச்சானிடமும் கேட்டுவிட்டேன், சரி என்றார். நீ தூங்கு. உன் கண்ணுக்குக் கீழே இருக்கும் கறுப்பை ஞாயிற்றுக்கிழமை லைட் வெளிச்சத்தில் பார்த்தேன்.

யுகேந்திரன்


சுங்கை சிப்புட்
18.5.2024

என் தம்பி யுகேனுக்கு,

முதலில் வியாழக்கிழமைக் கதை. செம்மோர் வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். முள் பாதிக்குக் கீழே நின்றது. செம்மோர் போனது, முள் அசையவில்லை. ஏர்கோன் போட்டேன், அசையவில்லை. ஈப்போ டிராபிக் லைட் ஒவ்வொன்றிலும் சிவப்பு விழட்டும், பார்த்துவிடலாம் என்று வேண்டிக்கொண்டு போனேன். விழுந்தது. அப்போதும் அசையவில்லை. பின்னாலிருந்து சக்கீனா அக்கா, "ஏர்கோனக் கொறைலா, குளுருது" என்றார். இந்த வேனில் யாராவது குளிருது என்று சொல்லி எவ்வளவு நாளாயிற்று! நானும் இவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று ரேடியோவைப் போட்டேன்.

உன் மச்சான் இப்போது விடியுமுன்பே டார்ச்சோடு வேனைச் சுற்றி வருகிறார். நான் எஞ்சின் பக்கம் போனால், "தொடாத, அது என் டிபார்ட்மெண்டு" என்று விரட்டுகிறார். வண்டி நின்றால் நின்றுகொள்கிறேன் என்ற பேச்சு அதற்கப்புறம் அந்த வாயிலிருந்து வரவில்லை. தம்பி, நீ வேனைச் சரிசெய்தாய் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீ சரிசெய்தது வேனை மட்டும் இல்லை. கோடி நன்றி என்று எழுதினால் நீ கூச்சப்படுவாய் என்று தெரியும். பட்டுக்கொள்.

இன்று சனிக்கிழமை. காலையில் கதவருகே வந்து நின்று, "சாவி எங்கக்கா?" என்று கேட்டாய். அவ்வளவு சாதாரணமாகக் கேட்டாய். நான் அரைத்தூக்கத்தில் ஆணியைக் காட்டிவிட்டுத் திரும்பிப் படுத்தேன். நாம் பேசிவிட்டோம் என்பதுகூட அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இந்த ஒன்றரை வருடமாக நான் தூங்கியது தூக்கமே இல்லை. பக்கத்தில் இவர் மூச்சு விடும் சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டே கண்ணை மூடியிருப்பேன். சத்தம் கொஞ்சம் மாறினாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். இன்று வேன் கிளம்பிய சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை.

விழித்தபோது ஜன்னல் முழுக்க வெயில். பக்கத்துப் படுக்கை காலி. மூச்சுச் சத்தம் இல்லை. பதறி எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எங்கே போனார், என்ன ஆயிற்று என்று காலைத் தரையில் வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது, உன்னோடு போயிருக்கிறார்.

மறுபடியும் படுத்துத் தூங்கிவிட்டேன்.

உன் அக்கா
கலா